எங்க மணிக்கு காது கேக்காதுங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்,

நாங்க ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டில தறி ஓட்டுறவங்க. ஆஸ்பத்திரிக்கு போற பேண்டேஜ் துணிதான் எங்க ஊர் பொழப்பே. போன செவ்வாய்க்கிழமை விடியக்காலைல எங்க நாய திருடிட்டுப் போயிட்டாங்க. ராஜபாளையம் நாய், முழு வெள்ளை, மூக்கு ரோஸ் கலரு, பேர் மணி, வர்ற தைக்கு நாலு வயசு முடியுது. இந்த லெட்டர நீங்க போட்டீங்கன்னா அவன தூக்கிட்டுப் போனவங்களோ இல்ல அவங்ககிட்ட இருந்து வாங்குனவங்களோ கண்ணுல படும்னு ஒரு நம்பிக்கைலதான் எழுதுறேன்.

அவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க. அவனுக்கு ரெண்டு காதும் கேக்காது.

பொறந்ததுல இருந்தே அப்படித்தான். இந்த வெள்ளை ராஜபாளையத்துல சில குட்டிக்கு இது வரும், டாக்டர் விவரமா சொன்னாரு, தோலுக்கு நிறம் குடுக்குற உயிரணு காதுக்கு உள்ளயும் இருக்கணுமாம், அது இல்லாத குட்டிக்கு பொறந்த மூணு நாலு வாரத்துலயே கேக்குறது நின்னு போயிருமாம். வெள்ளையா இருந்தாத்தான் ஒரிஜினல்னு சொல்லி சொல்லி வெள்ளையோட வெள்ளையவே சேத்து, அதுவும் சொந்தத்துக்குள்ளயே சேத்து விட்டதோட பலன் இது. எங்களுக்கு அப்ப ஒண்ணும் தெரியல. கூப்பிட்டா வரல, சரி திமிர் பிடிச்ச குட்டினு நெனச்சோம், ஒரு நாள் தூங்கும்போது எவர்சில்வர் தட்டு கை தவறி அவன் தலைமாட்டுலயே விழுந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க, இவன் காதக்கூட அசைக்கல. அதுக்கு முன்னாடியே எங்க மாமனார் மணினு பேர் வச்சிட்டாரு. மணி அடிச்சாலும் கேக்காத நாய்க்கு மணினு பேர், தெருவுல எல்லாரும் சிரிப்பாங்க.

ஆனா அவனுக்கு எல்லாம் தெரியும்ங்க. தறி ஷெட்டுக்குள்ள வேற எந்த நாயும் வராது, அந்த டடக் டடக் சத்தத்துக்கு வால சுருட்டிக்கிட்டு ஓடிரும், இவன் தறிக்கு ரெண்டடி தள்ளி சிமெண்ட் தரைல வயித்த ஒட்டிப் படுத்து நல்லா தூங்குவான். தறி ஓடுற வரைக்கும் தூங்குவான். கரண்ட் போயி தறி நின்னுச்சுனு வைங்க, டக்குனு தலைய தூக்கி எங்க மூஞ்சிய பாப்பான். தரை ஆடுறது நின்னுருச்சுல்ல, அதான். அதுல இருந்து கத்துக்கிட்டதுதான், அவன கூப்பிடணும்னா தரைல காலால ரெண்டு தட்டு தட்டுவோம், எங்க இருந்தாலும் திரும்பிப் பாப்பான்.

திங்கக்கிழமை ராத்திரி தறில ஓட்டுற பாவு நூலு தீந்து போச்சு, தறி ஓடல. அதனால அவன் ஷெட்ட விட்டுட்டு வாசல் பக்கம் வந்து படுத்துட்டான். எங்க கேட்டு கிரீச்சுனு கத்தும், எண்ணெய் விடணும் விடணும்னு ஆறு மாசமா சொல்லிட்டே இருக்கேன், அந்தச் சத்தத்துக்கு எந்த நாயா இருந்தாலும் எந்திரிச்சிருக்கும். தெருமுனைக் கடை கேமராவுல நாலு இருபதுக்கு ஒரு வெள்ளை குட்டியானை வண்டி போறது தெரியுது, நம்பர் தெரியல.

ஸ்டேஷனுக்கு போனேன். முதல் கேள்வி, நாய் என்ன விலைக்கு வாங்குனீங்க? நான் ஒரு கூறுகெட்டவன், உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன், காது கேக்காதுனு யாரும் வாங்காததால சும்மாதான் குடுத்தாங்கனு. 2024 ஜூலை 1ல இருந்து வந்திருக்கிற புது சட்டத்துல 5000 ரூபாய்க்கு கம்மியான திருட்டுன்னா மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாம போலீஸ் நேரா விசாரிக்க முடியாதாம், அதனால புகார் வாங்குனதுக்கு ரசீது, அதான் சிஎஸ்ஆர், அது மட்டும் போட்டு குடுத்தாங்க. அவங்கள குறை சொல்லல, சட்டம் அப்படி இருக்கு. ஆனா தூக்கிட்டுப் போனவன் 5000க்கா அவன விக்கப் போறான்? 2005ல தபால்தலை போட்ட ஜாதி, 2020ல பிரதமர் ரேடியோல பேர் சொன்ன ஜாதி, அதுல இருந்து நாலு ஜில்லாக்காரன் வந்து எங்க ஊர்ல குட்டி கேக்குறான். திருடனுக்கு விலை தெரியுது, கேஸ் போடுறதுக்கு மட்டும் விலை இல்ல.

சிப் போட்டிருந்தா கண்டுபிடிச்சிரலாமேனு நெறைய பேர் கேக்குறாங்க. அது அரிசி சைஸ்ல தோலுக்கு அடில வைக்கிறது, 15 நம்பர் இருக்கும், அதுக்குனு உள்ள மெஷின வச்சு பாத்தாத்தான் தெரியும், நாய் எங்க இருக்குனு போன்ல காட்டாது. இருந்தாலும் போட்டிருக்கணும், எங்க தப்புதான்.

இதுக்கு நடுவுல ஒருத்தன் போன் பண்ணி உங்க நாய் தென்காசில இருக்கு, மூவாயிரம் ஜிபே பண்ணுங்கனு சொன்னான். வீடியோ கால்ல வந்து மணி பக்கத்துல நின்னு கால தட்டுங்கன்னேன், கட் பண்ணிட்டான். மணி உடம்புல இன்னொரு அடையாளம் இருக்கு, அத வேணும்னேதான் இங்க எழுதல.

இப்ப வச்சிருக்கிறவங்களுக்கு சொல்றேன். அவன் சொன்ன பேச்சு கேக்கலைனு அடிச்சிராதீங்க, அவனுக்கு கேக்காது. தூங்கும்போது பின்னாடி வந்து தொடாதீங்க, பதறிப் போயி கடிச்சிருவான், அது கோவத்துல இல்ல. மறுபடியும் சொல்றேன், பேர் சொல்லி கத்த வேண்டாம், தரைல ரெண்டு தட்டு தட்டுங்க போதும். குட்டி எடுக்கலாம்னு நெனச்சீங்கன்னா, பொறக்குற குட்டிக்கும் இது வர வாய்ப்பு இருக்கு. காவலுக்கு வச்சாலும் பிரயோஜனம் இல்ல, எங்க வீட்டு வாசல்லயே என்ன நடந்துச்சுனு உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் படிச்சிட்டு, சரி இது எதுக்கும் ஆகாதுனு எங்கயாவது இறக்கி விட்ருவீங்களோனுதான் எனக்கு இப்ப பயம். மதுரை ரோட்டுல ராத்திரி லாரிக்காரன் எவ்ளோ ஹார்ன் அடிச்சாலும் அவன் விலக மாட்டான். வேண்டாம்னா பக்கத்துல ஏதாவது மாட்டாஸ்பத்திரி வாசல்ல கட்டுங்க, இல்ல எந்த ஊர்னாலும் ஒரு டீக்கடைல சொல்லி கட்டிட்டுப் போங்க. என் போன் நம்பர பத்திரிகை ஆபீஸ்ல குடுத்திருக்கேன், நீங்க யாருனு கேக்க மாட்டேன், கேஸும் வேண்டாம். கட்டிட்டுப் போங்க, அவுத்து மட்டும் விட்ராதீங்க.

இப்படிக்கு,
சத்திரப்பட்டில இருந்து ஒரு தறிக்காரன்