தேர்ட் செக்ரெட்டரி என்றால் சின்னப் பதவியா?

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கயல் ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேறிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன். சர்க்கரைக்காரன் என்று எனக்கு அரைக் கரண்டியோடு நிறுத்திவிட்டார்கள். அது போகட்டும். "இவ்வளவு படித்துவிட்டு தேர்ட் செக்ரெட்டரியா?" என்று உன் மச்சான் இழுத்தாராமே, அவர் வாயை முதலில் அடைப்போம்.

மசூரி, டெல்லி பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் அந்தப் பதவியில்தான் வெளிநாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு மொழி படித்துத் தேற வேண்டும். வேலை நிரந்தரமானதும் செகண்ட் செக்ரெட்டரி. அப்புறம் ஃபர்ஸ்ட் செக்ரெட்டரி, கவுன்சிலர், மினிஸ்டர் என்று ஏறும். மினிஸ்டர் என்றால் மந்திரி இல்லை, அதையும் மச்சானிடம் சொல்லிவை. பின்னால் வெளியுறவு மந்திரியே ஆன நம்ம ஜெய்சங்கரும் 1979இல் மாஸ்கோவில் ரஷ்ய மொழி படித்துக்கொண்டு தேர்ட் செக்ரெட்டரியாகத்தான் தொடங்கினார். பின்னால் சிங்கப்பூரில் ஹை கமிஷனர், பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் அம்பாசடர். ஹை கமிஷனர், அம்பாசடர் இரண்டுமே தூதர்தான், மேலே கீழே கிடையாது. காமன்வெல்த் நாட்டுக்குப் போனால் ஹை கமிஷனர், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பதவிப் பெயரைவிட எந்த அலுவலகத்தில் உட்கார்கிறாள் என்பதுதான் முக்கியம். தலைநகரில் இருப்பது தூதரகம். மற்ற ஊர்களில் துணைத் தூதரகம். இலங்கையையே எடுத்துக்கொள். கொழும்பில் ஹை கமிஷன், கண்டியில் உதவி ஹை கமிஷன், யாழ்ப்பாணத்தில் 2010இல் திறந்த கான்சுலேட் ஜெனரல். தூதரக அதிகாரியை 1961 வியன்னா ஒப்பந்தப்படி கைது செய்யவே முடியாது. துணைத் தூதரகத்தில் இருக்கும் கான்சல்களுக்கு 1963இல் தனி ஒப்பந்தம். அலுவல் தொடர்பான காரியங்களுக்கு மட்டுமே வழக்கிலிருந்து விலக்கு. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நம் துணை கான்சல் ஜெனரலை, வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விவகாரத்தில் கைது செய்தார்களே, நினைவிருக்கிறதா? உடனே அதே ஊரில் ஐ.நா.வுக்கான நம் தூதுக்குழுவுக்கு மாற்றி, முழு விலக்கு வாங்கி, ஜனவரியில் ஊருக்குக் கூட்டி வந்தார்கள்.

கல்யாணம் ஆனால் வேலை போய்விடுமோ என்று தங்கச்சி பயப்படுவதாக எழுதியிருந்தாய். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சென்னையில் படித்து 1949இல் சேர்ந்த முத்தம்மாதான் இந்தச் சர்வீஸில் முதல் பெண். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றே விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அந்த அம்மாள் உச்ச நீதிமன்றத்துக்கே போய்விட்டார். 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் அரசை நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்று அந்தக் கவலை வேண்டாம்.

நான் வளைகுடாவில் நம் தூதரகத்தில் அட்டாஷே என்ற கீழ்நிலை அதிகாரியாக இருந்தபோது உட்கார்ந்தது, அங்கே இருக்கும் நம் மக்களுக்குப் பாஸ்போர்ட், சான்று வேலைகளைப் பார்க்கும் கான்சுலர் கவுன்ட்டரில். நம் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டால், உள்ளூர் இறப்புச் சான்றைப் பார்த்து, அவர் பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்தி, தடையில்லாச் சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் உடல் கெடாமல் பதப்படுத்தும் எம்பாமிங், கார்கோ புக்கிங். ஒரு தாள் குறைந்தாலும் பெட்டி விமானம் ஏறாது. ராமநாதபுரத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் போன் வரும், "சார், என்னைக்கு வரும்?" என்று. அந்தச் சான்றில் கையெழுத்துப் போட அம்பாசடர் வரமாட்டார். என்னை மாதிரி அட்டாஷேயோ, ஒரு செகண்ட் செக்ரெட்டரியோதான் போடுவோம். விருந்து, கொடி கட்டிய கார் எல்லாம் பின்னால் தானாக வரும். ஒரு வருஷமாவது இந்த கவுன்ட்டரைக் கேட்டு வாங்கச் சொல். தமிழில் பதில் சொல்ல ஆள் இருந்தால் எதிரே நிற்பவர்களுக்குப் பாதி பாரம் குறையும்.

மொழி ஒதுக்கும்போது அரபு கேட்டால் நல்லது என்பேன். கெய்ரோவில் படித்துவிட்டு வளைகுடாப் பக்கம் போகலாம். தங்கச்சி வெயிலுக்குப் பயந்து பிரெஞ்சு என்பாள், நீ விட்டுக்கொடுக்காதே. என்ன முடிவானது என்று எழுது.

அன்புடன்,
சுந்தரம்