பேனாக்கத்தி வைத்திருக்கும் மகளுக்கு

பேரணாம்பட்டு,
ஞாயிறு சாயந்திரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயிலைப் பற்றி எழுதினால் தாள் போதாது, விடு.

அங்கே இங்கிலாந்தில், ஷெஃபீல்டு விடுதியில், பார்சல் பிரிக்கப் பேனாக்கத்தியை எடுத்ததும் உன் அறைத்தோழி நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். எட்டு அங்குலக் கத்தியில் தினம் வெங்காயம் நறுக்குகிறவள் என் இரண்டரை அங்குலத்துக்குப் பயப்படுகிறாளே என்று உனக்கு எரிச்சல் வேறு. அவள் பயந்தது நீளத்தைப் பார்த்து இல்லை. அவள் கத்திக்கு முன்னால் வெங்காயம் இருக்கிறது. அருவாமனைக்கு முன்னால் முருங்கைக்காய் இருக்கிறது, கறிக்கடைக் கத்திக்கு முன்னால் கட்டை இருக்கிறது. பையிலிருந்து வரும் கத்திக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அந்த இடத்தைப் பார்க்கிறவர் தாமே நிரப்பிக்கொள்வார், அதுவும் காலையில் படித்த செய்தியைக் கொண்டு. நம் பக்கத்தில் ‘பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய இளைஞர்கள் கைது’ என்று அடிக்கடி வருகிறது. அங்கே பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் கத்திக்குத்தில் சாகும் செய்தி வருகிறது. அவள் பயத்தை மடத்தனம் என்று தள்ளிவிடாதே.

ஆகவே வேலையை முதலில் காட்டு, கத்தியை அப்புறம் காட்டு. பெட்டியை எடுத்து மேஜைமேல் வை. ‘இந்த டேப்பை வெட்டணும், கத்தி எடுக்கட்டுமா?’ என்று கேள். பிறகு எடு. இரண்டு கையாலும் திற: இடது கையில் பிடி, வலது கை நகம் அலகில் இருக்கும் நகக்குழியில். ஒரே கையால் கட்டைவிரலில் தள்ளித் திறப்பதும், மணிக்கட்டைச் சுண்டி ‘டக்’ என்று திறப்பதும் தனியாக இருக்கும்போதுகூட வேண்டாம், பழக்கம் கையில் ஏறிவிடும். அந்த ‘டக்’ ஓசைதான் பாதி பயம். முனை தரையைப் பார்க்கட்டும். எதிரில் ஆள் இருந்தால் உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு வெட்டு. வெட்டியதும் மடக்கு, மடக்கியபின் பேசு. கத்தி திறந்திருக்கும்போது பேச்சு நீண்டால் கை தானாக ஆடும், கையோடு கத்தியும் ஆடும். பேசுகிறவளுக்கு அது தெரியாது, கேட்கிறவளுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

யாராவது ‘கொடு, பார்க்கிறேன்’ என்றால் மடக்கிக் கொடு. மடங்காத கத்தியானால் பிடி அவர் பக்கம் இருக்கும்படி மேஜைமேல் வை, அவரே எடுத்துக்கொள்ளட்டும். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வை என்று ஆயா சொல்வது இதைத்தான். சண்டை வருமோ வராதோ, விரல் தப்பும். இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடுமாம், அதனால் வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசைத் திருப்பிக் கொடுப்பார், விலைக்கு வாங்கிய கணக்கு. இதை உன் தோழியிடம் சொல்லிப் பார், அவள் பாட்டியும் செய்திருப்பாள்.

நம் சொந்தக்காரர்கள் கதை வேறு. குழந்தை தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள், ராத்திரியில் கறிக்குழம்பு எடுத்துப்போனால் கரித்துண்டோ ஆணியோ கூடப் போகும். ஆனால் ஒரு பெண் கைப்பையில் பேனாக்கத்தி என்றால் அத்தைமார் முகம் மாறும். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு என்பார்கள். சட்டம், எஃகு, ஷெஃபீல்டு என்று ஆரம்பித்து விளக்கம் கொடுக்காதே. ஒரு ஆரஞ்சை உரித்துத் தட்டில் வைத்து நீட்டு. பேச்சிலும் ‘கத்தி’ என்று மொட்டையாகச் சொல்லாமல் ‘பேனாக்கத்தி’ என்று சொல். சண்டைக்கு ஏற்றது என்ற பொருளில் கடைக்காரர்கள் விற்கச் சொல்லும் ‘டாக்டிக்கல்’ என்ற வார்த்தையை வாயில் வைக்காதே, அது போலீஸ்காரர் காதுக்கும் பிடிக்காது.

இனி நீ இருக்கும் ஊரின் சட்டம். 1988ஆம் வருஷத்துக் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு: பொது இடத்தில் காரணம் காட்டாமல் வைத்திருக்கலாம் என்று விட்டிருப்பது மடக்கும் பேனாக்கத்தி ஒன்றைத்தான், அதுவும் வெட்டும் வாய் 3 அங்குலம், அதாவது 7.62 செ.மீ., தாண்டாமல் இருந்தால். திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சின்னதானாலும் இந்த விலக்கில் வராது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்தியில் 6ஆம் எண் அளவு முதல் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறதே, திருகினால் அலகு மடங்காமல் நிற்கும், அது பூட்டுதான். 6ஆம் எண் அலகு 7 செ.மீ. என்பதால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. 5ஆம் எண்ணுக்கும் அதற்குக் கீழுள்ளவைக்கும் வளையம் கிடையாது. அலகு பூட்டிக்கொள்ளும் பல்கருவிக்கும் (மல்டி-டூல்) இதே கதி. வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்திகூட அலகுள்ள பொருள்தான் என்று 2005இல் அங்கே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ‘இது மொக்கைக் கத்தி’ என்ற வாதம் எடுபடாது. மாட்டினால் தண்டனை 4 வருஷம் வரை.

நீளத்தைவிட முக்கியம் நீ சொல்லும் பதில். எதற்கு வைத்திருக்கிறாய் என்று போலீஸ் கேட்டால், உண்மையை நாலே வார்த்தையில் சொல்: பார்சல் பிரிக்க, பழம் வெட்ட. ‘என் பாதுகாப்புக்கு’ என்ற பதில் உன் வாயில் வரவே கூடாது, மனசிலும் இருக்கக் கூடாது. அந்த ஊர் சட்டப்படி ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு எடுத்துப்போகும் எதுவும் ஆயுதம், அப்போது 3 அங்குல விலக்கு உன்னைக் காப்பாற்றாது. சட்டத்தை விட்டாலும் அது தப்பான எண்ணம். கத்தியை நீட்டினால் எதிராளி ஓடுவான் என்பது சினிமா. பிடுங்கினால் அது அவன் கத்தி. ராத்திரியில் தனியாக வர பயமாக இருந்தால் டாக்ஸி பிடி, காசு நான் அனுப்புகிறேன்.

சட்டம் விட்டாலும் விடுதி விடவேண்டும் என்றில்லை. உன் விடுதி ஒப்பந்தத்தில் கத்தி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே படித்துப் பார். தடை என்றால் தடைதான்.

தினம் பையில் வைக்க, சிவப்புப் பிடி போட்ட சின்ன விக்டோரினாக்ஸ் போதும் என்பேன். மடக்கினால் 58 மி.மீ. நீளம், உள்ளே குட்டிக் கத்தரிக்கோல். பாதி வேலைக்குக் கத்தரியே ஆகிவிடும், கத்தரியைப் பார்த்து யாரும் நகர்ந்து உட்காருவதில்லை. அந்தச் சிவப்பு நிறமும் ஒரு அடையாள அட்டை மாதிரி. அதே அளவுக் கத்திக்குக் கறுப்பு அலகும் பல் வைத்த முதுகும் இருந்தால் பார்க்கிறவர் கணக்கே வேறு.

சேகரிப்புக்கு வருவோம். வாங்கியதை எல்லாம் கட்டில்மேல் வரிசையாக அடுக்கிப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தாய். பாப்பா, காவல் நிலையத்தில் ‘பறிமுதல் செய்யப்பட்ட ஆயுதங்கள்’ என்று பேப்பருக்குக் கொடுக்கும் படம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும்: வெள்ளைத் துணி, வரிசை, எல்லா முனையும் ஒரே பக்கம். பார்த்தவர்களுக்கு எலும்புப் பிடியின் வேலைப்பாடா தெரிந்திருக்கும்? எண்ணிக்கைதான் தெரிந்திருக்கும். ஒரு கத்தி, ஒரு படம். பாதி மடக்கி வை, பக்கத்தில் ஒரு பழமோ செதுக்கிய குச்சியோ வை. பிடியையும் அலகின் அடியில் இருக்கும் முத்திரையையும் கிட்டத்தில் எடு. ஆள் முகத்தோடு கத்திப் படம் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

நீ இருக்கும் ஷெஃபீல்டே கத்தித் தொழிலின் ராஜ்யம், பழைய பட்டறைகளின் முத்திரை தேடிப் போக எங்கும் அலைய வேண்டாம். ஜோசப் ராட்ஜர்ஸின் நட்சத்திரமும் சிலுவையும், வோஸ்டன்ஹோமின் ஐ-எக்ஸ்-எல். பழைய மடக்குக்கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது, முதுகு வில்லின் அழுத்தம் மட்டுமே. வாங்குமுன் மூன்று பார். திறந்ததும் அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா. பாதியில் நிறுத்தினால் வில் இன்னும் இழுக்கிறதா. நகக்குழிக்கும் வாய்க்கும் நடுவே எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது. சாணை பிடித்தே தேய்ந்த அலகில் அந்த இடைவெளி ஒடுங்கிப் போயிருக்கும், அதற்கு முழு விலை கொடுக்காதே. சேகரிப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறவரை கெல்ஹாம் ஐலண்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போ. ஹாலி சேகரிப்பு என்று கருவிகளும் கத்திகளும் அங்கே இருக்கின்றன. தனித்தனிப் பட்டறையில் உட்கார்ந்து கத்தி செய்த ‘லிட்டில் மெஸ்டர்’களைப் பற்றிப் பார்த்தபின் உன் பெட்டியும் கைத்தொழிலாகத் தெரியும். சுண்டித் திறக்கும் கத்தியோ, அழுத்தினால் தானே திறக்கும் பொத்தான் கத்தியோ மட்டும் சேர்க்காதே. 2021 முதல் அங்கே அதை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம்.

வைப்பு முறையில், தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டுக்காரி மகள் தப்பு செய்யலாமா? கத்தியைத் தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்காதே. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்டபோது தங்கிய உப்பும் அமிலமும் அந்த ஈரத்தோடு சேர்ந்து அலகைத் தின்னும். உறை வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வை. அலகுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியால் படலமாகத் தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கணுவில் தூசி பிடிக்கும்.

கார்பன் எஃகு அலகு கறுத்துப்போய் இருப்பதைப் பார்த்து ‘துருப்பிடித்த கத்தியில் பழமா?’ என்று கேட்பார்கள். அது துரு இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் இரும்புத் தூள் விழுந்து ஈரம் பட்டால் மை மாதிரிக் கறுப்புப் புள்ளி விழுமே, அதே சங்கதி. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை இரும்புக் கத்தியில் நறுக்கினால் காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். காயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த நிறம். நல்லதுதான், சிவப்புத் துருவை ஓரளவு தள்ளிப்போடும். விரலில் தொட்டால் ஒட்டாது. செம்மண் நிறத்தில் ஒட்டினால்தான் துரு. ஆனால் இந்தப் பாடத்தை விருந்தாளிக்கு நடத்தாதே. பிறருக்குச் சாப்பாட்டுப் பொருள் நறுக்க ஸ்டெயின்லெஸ் அலகை எடு.

கூர் இருக்கிறதா என்று கை முடியை மழித்துப் பார்க்கும் பழக்கம் கத்திப் பிரியர்களிடம் உண்டு. உன் இடது கையில் ஒரு திட்டு மொட்டையாக இருந்தால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து வெட்டிப் பார், இழுக்காமல் இறங்கினால் போதும். மழுங்கிய கத்தியால் வெட்டினால் அழுத்துவாய், அழுத்தினால் வழுக்கும், பக்கத்தில் இருப்பவர் அலறுவது நியாயமாகிவிடும். 1000 எண் சாணைக்கல்லைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவை. 12 மி.மீ. அகல அலகுக்கு முதுகைக் கல்லிலிருந்து 4 மி.மீ. தூக்கினால் ஏறத்தாழ 20 டிகிரி. அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தேய், மறுபக்கத்தில் நீளம் முழுக்கப் பிசிறு விரலில் தட்டுகிறவரை. பிறகு மறுபக்கம். பிசிறு வராமலே பக்கம் மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் ஏறவில்லை என்பார்கள். கடைசியில் தோலில், முதுகு முன்னே போகும்படி, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. வாயை முன்னே தள்ளினால் தோல் கிழியும்.

விடுமுறைக்கு வரும்போது ஒன்றிரண்டு மட்டும் கொண்டுவா. பெரிய பெட்டியில், செக்-இன் லக்கேஜில், அட்டையில் சுற்றி. கைப்பையில் சாவிக்கொத்தில் தொங்கும் குட்டியை மறந்துவிடாதே, விமான நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குப் போவது எப்போதும் அதுதான். இந்தியாவில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதன் விதிகளில், வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்யாத கத்தியின் அலகு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினால் ஆயுதப் பட்டியலில் வரும். டெல்லியில் 1980இலிருந்து பொத்தான் கத்திக்குத் தனி அறிவிப்பு, அங்கேயும் கணக்கு 7.62 செ.மீ.தான். ஆனால் காட்பாடி ஸ்டேஷனில் பையைத் திறக்கச் சொல்கிறவர் அளவுகோல் கொண்டுவர மாட்டார். தேர்தல் சமயத்திலும், ஊர்வலம் திருவிழாக் கூட்டத்திலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

ஆவாரம்பட்டைத் தோல் ஒரு துண்டு அனுப்புகிறேன், ஓர் அடி நீளம், இரண்டு அங்குல அகலம். மழமழப்பான பக்கம் மேலே வரும்படி மரப்பலகையில் ஒட்டிக்கொள். முதல் வாரம் வாசம் தூக்கும், ஜன்னலோரம் வை. அப்பா டேப்பை நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறார். பிரிக்கும்போது அந்தப் பெண் அறையில் இருந்தால் கேட்டுவிட்டுக் கத்தியை எடு. இல்லையென்றால் அவளிடமே கொடுத்துப் பிரிக்கச் சொல்.

அன்புடன்
அம்மா