ஆறாவது எழுத்துக்கு முன் அடித்தவளுக்கு

அன்புத் தோழிக்கு,

இரண்டு சனிக்கிழமையாக நீ கருத்தா ஆட வரவில்லை. ஆய்வகத்தில் பார்க்கும்போது கேட்டால் "வேலை இருக்கு" என்கிறாய், நானும் சரி என்று விட்டுவிடுகிறேன். ஆனால் கடைசியாக ஆடிவிட்டுப் படியிறங்கும்போது நீ சொன்னது எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. "இது அவங்க பாஷை, அவங்க பாட்டு, சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்தவங்க விளையாடுறது. நடுவுல நாம போய் எதுக்கு?" நேரில் பேசினால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், உன்னைப் போலவே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட நம்மூர்ப் பிள்ளைகள் இந்தக் கியோட்டோவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கருத்தா என்பது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து ஜப்பானியத்துக்கு வந்தது, சீட்டு என்றுதான் பொருள். ராஜா ராணி போட்ட சீட்டு கிடையாது, கவிதைச் சீட்டு. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்ற கவிஞர், நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கொரு பாட்டாக எடுத்துத் தொகுத்த ஹியாகுனின் இஷ்ஷுதான் சீட்டுக்கட்டு. ஒவ்வொரு பாட்டும் ஏறத்தாழ 31 எழுத்து, 5-7-5-7-7 என்ற கணக்கு. வாசிப்பவர் கையில் முழுப் பாட்டும் இருக்கும். பாயில் பரப்பிய சீட்டில் பின்பாதி, அதாவது அந்த 7-7 மட்டும்தான் இருக்கும். அவர் முன்பாதியை வாசிக்கத் தொடங்கியதும் அதற்குரிய பின்பாதிச் சீட்டை எதிரே இருப்பவருக்கு முந்தி அடித்துத் தள்ள வேண்டும். நூறில் ஐம்பது சீட்டுதான் பாயில் வரும், ஆளுக்கு 25. மற்ற ஐம்பதையும் வாசிப்பார்கள், ஆனால் அவை பாயில் இருக்காது, அதுதான் காலிச்சீட்டு. காலிச்சீட்டுக்குக் கை வைத்தால் தவறு. சரியான சீட்டு ஒரு பக்கம் இருக்க மறுபக்கச் சீட்டைத் தொட்டாலும் தவறு. தவறினால் எதிராளி தன் சீட்டில் ஒன்றை நம் பக்கம் தள்ளிவிடுவார். எதிராளி பக்கத்துச் சீட்டை நாம் அடித்தால் நம்முடையதில் ஒன்றை அங்கே அனுப்பலாம். யார் பக்கம் முதலில் காலியாகிறதோ அவர் வென்றார்.

இப்போது அன்றைய ஆட்டத்தில் நீ செய்த மூன்றாவது தவறுக்கு வருகிறேன். நீ அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும்.

அன்று வாசிப்பில் "வதனோஹரா" என்று வந்தது. விரிந்த கடல் என்று பொருள். அப்படித் தொடங்கும் பாட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்ட ஓனோ நோ தகமுரா எழுதியது, தீவுகளை நோக்கிப் படகேறிப் போய்விட்டேன் என்று ஊரிலே சொல்லுங்கள் என மீனவர் படகுகளிடம் கேட்கிற பாட்டு. இன்னொன்று கடலில் இறங்கிப் பார்த்தால் தூரத்து வெள்ளலை மேகமோ என்று மயங்க வைப்பதைச் சொல்வது. வ, த, னோ, ஹ, ரா என்று ஐந்து எழுத்துவரை இரண்டும் ஒன்றே. ஆறாவதாக 'யா' வந்தால் தகமுரா, 'கோ' வந்தால் வெள்ளலை. பாயில் உன் இடது ஓரத்தில் வெள்ளலைச் சீட்டு மட்டும் இருந்தது. 'ரா' முடியும்போதே உன் கை பாய்ந்துவிட்டது, சீட்டு பறந்து சுவரில் மோதியது. வாசிப்பவர் 'யா' என்றார். காலிச்சீட்டு.

நீ முகம் சிவந்து சீட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். பாஷை தெரியாத ஒருத்தி அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்? சும்மா உட்கார்ந்திருப்பாள். உனக்கு அந்த ஐந்து எழுத்து காதில் விழுந்ததும் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் தொகுத்த ஒரு பாட்டின் பின்பாதி எங்கே கிடக்கிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் தவறினாய்! நம் சீனியர் அன்றைக்கு அதைத்தான் என்னிடம் சொன்னார், தெரியாதவர்கள் செய்கிற தவறில்லை அது என்று. உன்னிடம் சொல்வதற்குள் நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய்.

எந்த எழுத்தில் பாட்டு இன்னது என்று முடிவாகிறதோ அதை இங்கே கிமரிஜி என்கிறார்கள், முடிவெழுத்து. எனக்கு இது புரிந்ததே குறளை வைத்துத்தான். அன்புடைமை அதிகாரத்தை எடுத்துக்கொள். 'பு' என்று காதில் விழுந்தாலே போதும், புறத்துறுப்பெல்லாம் என்று அடித்துவிடலாம், அந்தப் பத்தில் வேறு எதுவும் 'பு'வில் தொடங்காது. 'எ' என்றால் என்பிலதனை. ஆனால் 'அன்' என்று வந்தால் கை வைக்கக் கூடாது. 'அன்போ' என்றால் அன்போடு இயைந்த, முடிந்தது. 'அன்பி' என்றால் இன்னும் பொறுக்க வேண்டும், அன்பிற்கும் உண்டோவா, அன்பிலார் எல்லாமா, அன்பின் வழியதா என்று அடுத்த எழுத்துதான் சொல்லும்.

போன வாரம் மழையில் வெளியே போக முடியாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தப் பத்துக் குறளின் இரண்டாம் அடியைச் சீட்டுகளில் எழுதி, போனில் முதலடிகளைப் பதிவு செய்து மாற்றி மாற்றி ஓடவிட்டு அடித்துப் பார்த்தேன். நீ நினைக்கிற மாதிரி சுலபமாக இல்லை! "என்பிலதனை" என்று கேட்டால் "அன்பிலதனை அறம்" என்ற சீட்டை அடிக்க வேண்டும். "அன்பின் வழியது" என்று கேட்டால் "என்புதோல் போர்த்த உடம்பு". காது அன்பு என்கிறது, கண் என்பைத் தேடுகிறது. போதாததற்கு "என்பும் உரியர் பிறர்க்கு", "என்போடு இயைந்த தொடர்பு" என்று இன்னும் இரண்டு என்புகள் பக்கத்தில் கிடக்கின்றன. பிறந்ததிலிருந்து பேசும் பாஷை, ஏழாம் வகுப்பில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய குறள், அதிலேயே கை தடுமாறியது. அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இது பாஷை தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற வித்தை இல்லை. இங்கே பிறந்தவர்களும் ஒவ்வொரு முன்பாதியையும் அதன் பின்பாதியோடு கையால்தான் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், அடித்து அடித்து.

எழுத்து விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், இதை நீ கவனித்தாயா தெரியவில்லை. பாயில் போடுகிற சீட்டுகளில், ஹிரகானா என்கிற ஜப்பானிய எழுத்துகளுக்கு மேலே வருகிற அந்த இரண்டு சின்னக் கோடுகள் கிடையாது. கோடு இருந்தால் அது தங்கத்தில் வரும் 'க', இல்லாவிட்டால் கடலில் வரும் 'க'. சீட்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். நம் வியட்நாம் நண்பன் முதல் மாதம் இதில்தான் திணறினான். நமக்கு இது பழக்கமான விஷயம், ஒரே 'க'வை இடம் பார்த்து வேறுவேறாக ஒலித்துத்தானே வளர்ந்தோம்? "வக கொரொமொதெ" என்று தொடங்கும் சீட்டுகள் இரண்டு உண்டு, ஒன்றில் என் சட்டைக்கை பனித்துளியில் நனைகிறது, இன்னொன்றில் அதன்மேல் வெண்பனி விழுகிறது. அதை முதல் தடவை பார்த்தபோதே நீ சரியாக வாசித்தாய், எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம், அந்த 15 நிமிஷம். சீட்டைப் பரப்பி முடித்ததும் மனப்பாடம் செய்யக் கொடுக்கிற நேரம். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். 87 சென்டிமீட்டர் அகலம், ஆளுக்கு மூன்று வரிசை, எதிராளி வரிசைக்கும் நம் வரிசைக்கும் நடுவே வெறும் 3 சென்டிமீட்டர். நம் சீனியர் அப்போது எழுந்து எதிராளியின் பின்னால் போய் நின்று தலைகீழாக இருக்கிற சீட்டுகளை நேராகப் பார்ப்பார், பிறகு வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கடைசி இரண்டு நிமிஷத்தில் அறை முழுக்க ஒரே சத்தம், எல்லோரும் பாயைத் தட்டிக் கையைப் பழக்குவார்கள். நீ அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் முதல் இரண்டு தவறும் அங்கிருந்து வந்தவை. எந்தச் சீட்டு இருக்கிறது என்பதோடு எந்தச் சீட்டு இல்லை என்பதையும் அந்த நேரத்தில்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் நகர நகரக் கணக்கும் மாறும். 'உ'வில் தொடங்குவது இரண்டே பாட்டு, உகரிகெரு, உரமிவபி. முதலில் இரண்டாவது எழுத்துவரை காத்திருக்க வேண்டும். ஒன்றை வாசித்துவிட்டால் அதற்குப் பிறகு வெறும் 'உ' போதும். ஒவ்வொரு பாட்டும் போகப் போக மிச்சமிருக்கிறவற்றின் முடிவெழுத்து சுருங்கிக்கொண்டே வருகிறது, அதை மனதுக்குள் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்பா ரம்மி ஆடும்போது கீழே இறங்கிய சீட்டையெல்லாம் தலையில் வைத்திருப்பார், அந்த மாதிரி.

ஒரே எழுத்தில் முடிவாகிற பாட்டு ஏழு. மு, ஸு, மே, ஃபு, ஸ, ஹொ, ஸெ. இதை ஒரு மந்திரம் மாதிரிச் சேர்த்துச் சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். 'மே' முரஸகி ஷிகிபுவின் பாட்டு: பல நாள் கழித்து ஒருவரைப் பார்க்கிறாள், அவர்தானா என்று நிதானிப்பதற்குள் நள்ளிரவு நிலா மேகத்துக்குள் போன மாதிரி மறைந்துவிடுகிறார். அந்தச் சீட்டும் அப்படித்தான் போகும், 'மே'யா என்று நினைப்பதற்குள் பாயில் இருக்காது. 'ஸெ' சுதொகு பேரரசர் எழுதியது. வேகமாக ஓடுகிற ஆறு பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்தாலும் கீழே மறுபடி சேரும், நாமும் சேருவோம் என்கிறது. வியட்நாம் நண்பன் போன சனிக்கிழமை சீனியரிடமிருந்து எடுத்த ஒரே சீட்டு அதுதான். அவன் எழுத்துப் படிக்க ஆரம்பித்தே மூன்று மாதம்தான் ஆகிறது.

நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன். வாசிப்பவர் முந்தைய பாட்டின் கடைசி எழுத்தை இழுத்து முடித்தார். அதற்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி. அறையில் பதினாறு பேர், மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அவன் முழங்கால் பாயில் ஊன்றி இருந்தது, இடுப்பு உயர்ந்திருந்தது, விரல்கள் பாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. 'ஸெ' என்ற எழுத்தில் எகரம் வருவதற்கு முன்னால், பல்லிடுக்கில் அந்தக் காற்று சீறுகிறதே, அதிலேயே கை போய்விட்டது. பட்டென்று ஒரு சத்தம். நான்கு சீட்டு ஒன்றாகப் பறந்து ஜன்னலோரம் விழுந்தன. சீனியர் அவனைப் பார்த்துத் தலைகுனிந்தார், அவன் ஓடிப்போய் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தான்.

நவம்பரில் நான் தனியாகப் பக்கத்து ஊரான ஓட்சு போய் ஓமி ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தெஞ்சி பேரரசருக்கான ஆலயம். அந்த நூறு பாட்டில் முதல் பாட்டு அவருடையது, பனித்துளியில் சட்டைக்கை நனைகிறதே, அதுதான். 671இல் நீர்க்கடிகாரம் வைத்து நேரம் அறிவித்தவர் என்பதால் உள்ளே கடிகார அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் ஆண்களுக்கான மெய்ஜின் பட்டம், பெண்களுக்கான குயின் பட்டம் இரண்டுக்கும் ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. அந்த வாசலில் நின்றபோது உன்னையும் கூட்டி வந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. அடுத்த முறை சேர்ந்தே போகலாம், பிவாகோ-ஹமாஓட்சுவில் ரயில் மாறினால் கொஞ்ச தூரம்தான்.

இந்த வாரமும் அதே அறைதான். சாவியை ஒன்றரை மணிக்கு வாங்கிவிடுவேன். நூறும் தெரிந்துகொண்டு வர வேண்டாம், அந்த ஏழும் 'வதனோஹரா' இரண்டும் போதும், உனக்கு ஏற்கெனவே முப்பதுக்கு மேல் தெரியும் என்பது எனக்குத் தெரியும். போனை வெளியே என் பையில் போட்டுவிடு. முழங்காலுக்குத் தடிமனான பேன்ட் போட்டுக்கொள், நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வா. எனக்கு எதிரே உட்கார்.