காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் அந்தப் பக்கற்

ஜேர்மனியில் கியோஸ்க்கும் வேப் கடையும் பலசரக்குக் கடையும் நடத்தும் உறவுகளுக்கு,

வணக்கம்.

நான் ரூர் பகுதியில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறவள். சனிக்கிழமைகளில் அத்தானின் கியோஸ்க்கில் நிற்பேன். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டினால்தான் வாடகை கட்டலாம் என்பது எனக்குத் தெரியும். சிகரெட்டில் கிடைப்பது சதங்கள், லொத்தோவில் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம், இனிப்பிலும் குடிபானத்திலும்தான் ஏதோ மிஞ்சும் என்பதும் தெரியும். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கடைக்கு வந்தார். உள்ளங்கை அளவில் மினுங்குகிற பக்கற்றுகள் ஒரு பெட்டி நிறைய. முன்பக்கத்தில் மாம்பழப் படம். உள்ளே ஐந்து ஜெலி இனிப்பு, சீனி தூவியது, பிள்ளைகள் கும்மிபேர்ஷன் என்று சொல்கிற அதே கரடி வடிவம். கீழே எச்எச்சி (HHC, கஞ்சாவைப் போலப் போதை தரும் ஒரு பொருள்) என்று போட்டு, அதற்கு முன்னால் ஒரு எண்ணும் இரண்டு எழுத்தும் சேர்த்திருந்தது. "இது புதுசு, தடைப் பட்டியலில் இல்லை, ஆய்வுகூட அறிக்கையும் இருக்கு" என்றார். பாதிக்குப் பாதி லாபம் என்றும் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்தார்.

நான் பக்கற்றைத் திருப்பினேன். எறும்பு அளவு எழுத்தில் டொச்சில் மூன்று வரி: சேகரிப்புப் பொருள். நறுமணப் பொருள். உண்பதற்கு அல்ல. மாம்பழச் சுவையூட்டி, சீனி தூவி, கரடி வடிவில் செய்த பொருளுக்கு உண்பதற்கு அல்ல என்று ஏன் எழுத வேண்டும்? உண்பதற்கு என்று எழுதினால் அது உணவு. ஐரோப்பிய உணவுச் சட்டப்படி கஞ்சாச் செடியிலிருந்து எடுத்ததோ அதை வைத்துச் செய்ததோ, இந்த வகைப் பொருள் எதற்கும் உணவாக விற்க அனுமதி இல்லை. அந்த மூன்று வரியும் வாங்குபவருக்கான எச்சரிக்கை இல்லை, தயாரித்தவர் தான் தப்பிக்க வெட்டி வைத்த வாசல். நீங்கள் அந்த வாசலால் போக முடியாது. உங்கள் கடையில் அது இனிப்புத் தட்டில்தான் தொங்குகிறது.

கியூஆர் குறியையும் அலைபேசியால் பார்த்தேன். அறிக்கை வந்தது. ஆனால் அதில் இருந்த தொகுதி எண் வேறு, பக்கற்றில் இருந்த எண் வேறு.

இந்த எச்எச்சி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். விரித்தால் ஹெக்ஸாஹைட்ரோகன்னாபினோல். புதுசு என்று சொல்கிறார்களே தவிர, ரொஜர் அடம்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940களிலேயே இதை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார். பிறகு பல பத்தாண்டுகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2018இல் அமெரிக்கா, போதை தரும் ரிஎச்சி 0.3 வீதத்துக்கு மேல் இல்லாத கஞ்சாச் செடியைப் பயிரிடச் சட்டப்படி அனுமதித்தது. டொச்சில் ஹான்ஃப் என்று சொல்வோமே, அது. எல்லோரும் பயிரிட்டார்கள். அதிலிருந்து எடுக்கும் சிபிடி என்ற போதை தராத பொருள் மலிந்து குவிந்தது. விற்க முடியாத சிபிடியை என்ன செய்வது? அமிலத்தோடு சேர்த்தால் அது ரிஎச்சி ஆகும். அதற்குள் ஐதரசன் வாயுவைச் செலுத்தினால் எச்எச்சி ஆகும். எங்கள் ஊரில் பாண் மீது பூசும் மாஜரினை நினைத்துக்கொள்ளுங்கள். திரவ எண்ணெய்க்குள் ஐதரசனை ஏற்றிக் கட்டியாக்கும் அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. அதனால்தான் இதை அரைச் செயற்கைப் பொருள் என்கிறார்கள். மூலப்பொருள் செடியிலிருந்து வருகிறது, மிச்சமெல்லாம் தொழிற்சாலையில் நடக்கிறது. செடியில் இது கண்டறியப்பட்டிருப்பது மிகமிகச் சிறிய அளவில்தான். கடைக்கு வருவது அது இல்லை. ஆகவே பக்கற்றில் பச்சை இலைப் படம் போட்டு இயற்கை என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிச் செய்யும்போது எச்எச்சி இரண்டு வடிவங்களில் உண்டாகும், இடது காலுக்கும் வலது காலுக்குமான செருப்பு மாதிரி. ஒன்று மூளையில் ரிஎச்சி போய் உட்காரும் அதே இடத்தில் நன்றாகப் பொருந்தும். மற்றது அவ்வளவாகப் பொருந்தாது. எது எவ்வளவு என்பது செய்கிற முறையைப் பொறுத்தது. அதனால் 25 மில்லிகிராம் என்று இரண்டு பக்கற்றில் எழுதியிருந்தாலும் ஒன்று இலேசாக இருக்கும், மற்றது ஆளைச் சாய்த்துவிடும். ஒழுங்காகச் சுத்திகரிக்காவிட்டால், வேலைக்குப் பாவித்த கரைப்பானும் பலேடியம் போன்ற உலோகமும்கூட மிஞ்சிக் கிடக்கும். மருந்தகத்தில் ஒரு தலைவலி மாத்திரையை விற்கக்கூட அதன் தொகுதி எண்ணிலிருந்து காலாவதித் திகதி வரை எங்களுக்குக் கணக்கு வேண்டும். இதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பெயரும் ஊரும் வேண்டாம். பதினாறு வயதுப் பெடியன், பள்ளிக்கூட நண்பனிடமிருந்து ஒரு ஜெலி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். முக்கால் மணித்தியாலமாகியும் ஒன்றும் தெரியவில்லை. சரி, இது வேலை செய்யவில்லை என்று இன்னும் இரண்டு. வயிற்றால் போகும் பொருள் ஏற இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கும் என்று அவனுக்கு யார் சொன்னது? இரவு எட்டு மணிக்குக் குளியலறைத் தரையில் இருந்தபடி, நெஞ்சு வெடிக்கப் போகிறது, நான் சாகப் போகிறேன் என்று கத்தினானாம். தாய் அவனுடைய கையைப் பிடித்தபடி கந்தசஷ்டி கவசம் சொல்லியிருக்கிறார். தகப்பன் 112க்கு அடித்தார். வைத்தியசாலையில் வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டான்? பக்கற் எங்கே?" பக்கற் இல்லை. அது பள்ளிக்கூடக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை அவன் ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளத் தடுமாறினான். இப்போது நலமாக இருக்கிறான். ஆனால் தாய் இன்னும் இரவில் எழும்பி அவன் மூச்சு விடுகிறானா என்று பார்க்கிறார்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அயர்லாந்தில் மனநல வைத்தியர்கள், எச்எச்சி பாவித்த பிறகு மனப்பிறழ்வோடு வரும் இளம் ஆட்களைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வந்தார்கள். அங்கே 2025 ஜூலை வரை அது கடைகளில் தாராளமாகக் கிடைத்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். உங்களில் பலர் என்னிடம் கேட்டது இதைத்தான்: "கஞ்சாவையே அனுமதித்துவிட்டார்களே, இது என்ன பெரிய விசயம்?" 2024 ஏப்ரல் 1 முதல் ஜேர்மனியில் வயது வந்தவர்கள் வெளியில் 25 கிராம் வரை கஞ்சா வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். அந்த ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற சங்கங்களிலும் சேரலாம். கடையில் வைத்து விற்க எவருக்கும் அனுமதி தரவில்லை. எச்எச்சி வேறு சட்டத்துக்குள் வருகிறது. 2024 ஜூன் 27இல் அதைப் புதிய மனமயக்கப் பொருட்கள் சட்டத்தில் சேர்த்தார்கள். நபர் ஒருவர் தன் பாவனைக்கு வைத்திருப்பதைவிட விற்பவரைத்தான் அந்தச் சட்டம் பிடிக்கிறது. சாதாரண விற்பனைக்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம். தொழிலாகச் செய்தால், அல்லது 21 வயதுக்கு மேற்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுத்தால், ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரை. கடை நடத்துவது தொழில்தானே. அண்ணாமாரே, நீங்கள் அந்த இரண்டாவது வரிக்குள் நிற்கிறீர்கள். பக்கற்றைக் கொண்டுவந்து தந்த பிரதிநிதியின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது.

"பட்டியலில் இல்லாத புதுசு" என்ற கதைக்கு யப்பானைப் பாருங்கள். அங்கே 2022 மார்ச்சில் எச்எச்சியைத் தடை செய்தார்கள். உடனே அதன் சகோதரங்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன. 2023 நவம்பரில் ரோக்கியோவில் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் யாரோ கொடுத்த ஜெலியைச் சாப்பிட்டவர்கள் வைத்தியசாலைக்குப் போனார்கள். அதில் இருந்தது எச்எச்சிஎச், அந்த நேரம் பட்டியலில் இல்லாத பொருள். டிசம்பர் 2இல் அதுவும் தடை. பட்டியலில் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. அதை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். முதலில் சோதிக்கப்படுகிறவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள். 2025 மார்ச்சில் வியன்னாவில் கூடிய ஐநா போதைப்பொருள் ஆணையம் எச்எச்சியை உலகளாவிய கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. அதனால் இனி இன்னும் வேகமாகப் பெயர்கள் மாறும் என்றுதான் நினைக்கிறேன்.

வேப் விற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பெயரின் கடைசியில் அசிட்டேட் என்று வந்தாலோ, எச்எச்சிக்குப் பின்னால் ஓ எழுத்து இருந்தாலோ கைவைக்க வேண்டாம். அந்த வகை அசிட்டேட்டுகளைச் சூடாக்கும்போது கீற்றீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம், அது நுரையீரலை அரிக்கும். 2019இலும் 2020இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் பிடித்து நுரையீரல் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் சேர்ந்தவர்களும் செத்தவர்களுமாக 2,800 பேருக்கு மேல், அதில் 68 பேர் செத்தார்கள். அங்கே முக்கியமாகச் சந்தேகிக்கப்பட்டது விற்றமின் ஈ அசிட்டேட், ரிஎச்சி எண்ணெயில் கலப்படமாகச் சேர்த்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்களிடம் இப்போது இருக்கும் பெட்டியைத் தட்டிலிருந்து இறக்குங்கள். மலிவு விலைக்கு விற்றுத் தள்ளாதீர்கள், பிரதிநிதிக்குத் தபாலில் திருப்பியும் அனுப்பாதீர்கள், அனுப்புவதும் குற்றமாகலாம். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு ஒப்படைக்கிற வழியைப் பாருங்கள். யாராவது பெடியன் கடை வாசலில் தலை சுற்றி இருந்தால் திட்டித் துரத்தாமல் 112க்கு அடியுங்கள், பக்கற் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். என்ன சாப்பிட்டான் என்று சொன்னதற்காக எந்த வைத்தியரும் உங்களைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்கமாட்டார்.

அத்தான் அன்றைக்கு அந்தப் பெட்டியை எடுக்கவில்லை. பிரதிநிதி போன பிறகு, "மாதம் முந்நூறு யூரோ வந்திருக்கும்" என்று ஒரு தடவை சொன்னார். அந்த முந்நூறு யூரோ அவருக்குப் பெரிய காசு, எனக்குத் தெரியும். பிறகு அந்தக் கொக்கியில் பற்றரிகளைத் தொங்கவிட்டார்.

டொச் எழுத்து வாசிக்கக் கஷ்டமாக இருக்கிற ஐயாமார், அம்மாமார் யாராக இருந்தாலும், பக்கற்றின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை கடைப்பக்கம் வாருங்கள். நான் வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு மருந்தகப் பணியாளர்