ஆழியாறு தெரிந்ததா, இல்லையா?

கோபி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம், சாப்பாட்டு மேசை முழுக்கத் துணிக்கந்தல். காகிதம் வைக்க இடமில்லை. வீட்டுக்காரர் பத்து நாளாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் படி ஏற முடிகிறதா? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

கந்தல் கதைக்கு வருகிறேன். 1986இல் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு பஸ்ஸில் போனோமே, நினைவிருக்கிறதா? நாற்பது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ பக்கத்தில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ்ஸை நிறுத்தினார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே பார்த்தோம். அந்த இடத்தைத்தான் துணி ஒட்டித் தைத்த படமாகச் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டடிக்கு ஒன்றரை அடி. கடையில் எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடப்பதும் தையல்கடைக்காரர் பெருக்கித் தள்ளுவதும் மட்டும்தான் என்று ஒரு வீம்பு. கல்கத்தா பக்கத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவிக் காந்தா தைப்பார்களாமே. அவர்களுக்கு முன்னால் நாமெல்லாம் ஊதாரிகள்.

அடித்துணி மாமனாரின் எட்டு முழ வேட்டி. டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கியதும், மழைக்கு முந்தைய வானத்தின் அழுக்கு மஞ்சள் வந்துவிட்டது. சாம்பல் நிறத்துக்குத்தான் பாடுபட்டேன். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறப்போட்டேன். துணியில் படம் வரையும் கலம்காரிக்காரர்கள் கருப்புக்குச் செய்வதும் இதுதான். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணியை இந்த ஆணித் தண்ணீரில் முக்கி உடனே எடுத்தால் புறா நிறம். கொஞ்ச நேரம் விட்டால் யானை நிறம். நாற்றம் மட்டும் கேட்காதே. பக்கத்து வீட்டம்மா வந்து, "உங்க வீட்டுச் சாக்கடை அடைச்சிருக்குங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முதலில் ஐந்து மலையையும் ஒரே அக்கறையோடு தைத்தேன். கடைசி மலையில்கூட மரம் மரமாக முடிச்சுத் தையல். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தால் மலையாகவே இல்லை, கவிழ்த்து அடுக்கிய இட்லித்தட்டு! அப்புறம்தான் உறைத்தது. தூரத்து மலைக்கும் நம் கண்ணுக்கும் நடுவில் அவ்வளவு காற்று இருக்கிறது. அது ஒளியைச் சிதறடிப்பதால்தான் தூரம் போகப் போக மலை வெளுத்து, நீலம் பூசிக்கொள்கிறது. லியோனார்டோ டா வின்சி 500 வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த சங்கதி. எனக்கு இட்லித்தட்டைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. உட்கார்ந்து அத்தனையும் பிரித்தேன். இப்போது கடைசி மலையில் தையலே கிடையாது. வெளுத்த சேலை ஃபால் துணி, ஓரத்தை நகத்தால் கீறி இழை பிரித்துவிட்டேன், அவ்வளவுதான். நடு மலைக்கு ஆறு இழை நூலில் ஒரே ஒரு இழை. பக்கத்துப் பாறைக்கு மட்டும் மூன்று. போனில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எந்த மலை முந்திக்கொண்டு வருகிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

பாறை எதில் செய்தேன் தெரியுமா? பன்னாடை. நம் தமிழம்மா உன்னை வாரத்துக்கு இரண்டு தடவை அப்படித்தானே கூப்பிடுவார், நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் என்று. தென்னை மட்டையடியில் இருந்து உரித்துக் கையில் வைத்துப் பார், புள்ள. நெய்தது போலவே நார் குறுக்கும் நெடுக்கும் ஓடும், தறியே இல்லாமல். காய்ந்தால் உடைகிறது; ஈரத்துணியில் சுற்றிவைத்தால் ஊசி இறங்குகிறது. இரண்டு துண்டை ஏறுமாறாகப் போட்டதும் பாறை வெடிப்பு தானாக வந்துவிட்டது. நான் செய்ததில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ரோட்டுக்குப் பாவாடை நாடா வைத்தேன். வளைவில் சுருக்கம் விழுந்தது. தையல்கடைக்காரர் பார்த்துவிட்டு, "கிராஸ் பீஸ் போடுங்கம்மா" என்றார். குறுக்கே வெட்டிய துணி எந்த வளைவுக்கும் சொன்னபடி கேட்கிறது. பேரனின் பழைய கார்டுராய் பேண்டில் தேயிலை வரிசையும் வெட்டிவைத்திருந்தேன், கோடு கோடாக அப்படியே தோட்டம்! ஆனால் தேயிலை இன்னும் மேலே போனால்தானே வரும்? எடுத்துவிட்டேன். மனசே இல்லை.

இனி மூடுபனி. முதலில் கொசுவலை. நைலான் மினுமினுப்பில் கல்யாண மண்டபம் போல இருந்தது. சுருக்கம் போக அயர்ன் பண்ணினேன், பெட்டியோடு ஒட்டிக்கொண்டு பொசுங்கிவிட்டது. வீடெல்லாம் புகை. கடைசியில் கைகொடுத்தது மருந்துக்கடை காஸ் துணி. (அம்மாவுக்குக் கட்டுப் போட வாங்கி மிச்சமானது. பீரோவில் ஒரு வருடமாகக் கிடந்தது.) குறுக்கு இழைகளை ஒன்றிரண்டாக உருவி, விரலால் அங்கங்கே ஒதுக்கினால் ஓரிடத்தில் திரளும், ஓரிடத்தில் கலையும். மூன்று வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த மரங்களின் மேல் அதை விரிக்கும்போது கை கூசியது. விரித்த பிறகுதான் குளிர் வந்தது.

இப்போது ஒரு வழக்கு. கீழே அணைத் தண்ணீருக்கு உன் சீமந்தத்துக்குத் தைத்த ரவிக்கையில் மிஞ்சிய பட்டுத் துண்டை வைத்திருக்கிறேன். ஆழியாறு முழுசாகப் பளபளவென்று தெரிந்தது என்று நீ எப்போதும் சொல்வாய். எனக்கு நினைவில் இருப்பதோ வெள்ளை மட்டும். பஸ் கிளம்பும்வரை ஒன்றுமே தெரியவில்லை, நீதான் "அதோ, அதோ" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாய்.

காஸ் துணியை அணைமேல் இன்னும் தைக்கவில்லை. குண்டூசி குத்தித்தான் வைத்திருக்கிறேன். உண்மையாகவே பார்த்தாயா என்று யோசித்து எழுது.

உன்,
கமலா