மெதுவான படமா, வெளுத்துப்போன திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதலையையும் பற்றை விடுவதையும் பற்றிய ஒரு கலைப்படம் மண்டபத்தில் திரையிடப்பட்டது குறித்து உங்கள் வாசகர் பகுதியில் தொடர்ந்து வரும் கடிதங்களைப் படித்து வருகிறோம். ஒன்றுமே நடக்காத படத்தை எதற்குப் போட்டார்கள் என்று ஒரு தரப்பு கேட்கிறது. பாட்டும் சண்டையும் பார்த்துப் பழகிய நம் சமுதாயத்துக்குப் பொறுமை ஏது என்று இன்னொரு தரப்பு சலித்துக்கொள்கிறது. பாதிக் கூட்டம் எழுந்து போனதற்கு யார் பொறுப்பு என்பதுதான் சண்டை. மண்டபத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. படங்களைத் திரையிடும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் எங்கள் சந்தேகம் முதலில் மண்டபத்தின் மேல்தான் போகிறது.

மசாலாப் படம் மண்டபத்தின் கோளாறுகளைத் தாங்கிக்கொள்ளும். திரை வெளுத்திருந்தாலும் கதாநாயகன் யார் என்று தெரியும். வசனம் காதில் விழாவிட்டால் பின்னணி இசை விஷயத்தைச் சொல்லிவிடும். மெதுவான படத்துக்கு அப்படி மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. ஹங்கேரி இயக்குநர் பேலா தார் 2011இல் தந்த படம் 146 நிமிடம் ஓடுகிறது. மொத்தமே 30 ஷாட்டுகள்தான், அதாவது வெட்டில்லாமல் ஓடும் 30 துண்டுகள். அப்படியானால் ஒரு ஷாட் சராசரியாக ஐந்து நிமிடம். அந்தப் படம் ஓடும்போது வெவ்வேறு நேரத்தில் மூன்று பேர் கதவைத் திறந்து வராந்தா வெளிச்சத்தை உள்ளே விட்டால், படத்தின் பத்தில் ஒரு பங்கு ஷாட்டுகளில் கை வைத்தாயிற்று.

நம் மலேசியாவோடு தொடர்புள்ள படத்தையே பார்க்கலாம். கூச்சிங்கில் 1957இல் பிறந்த சாய் மிங்-லியாங், 2006இல் கோலாலம்பூரிலேயே எடுத்தது ‘ஐ டோன்ட் வான்ட் டு ஸ்லீப் அலோன்’. அடிபட்டுக் கிடக்கும் வீடற்ற ஒருவனை ஓர் அந்நியத் தொழிலாளி தூக்கி வந்து, தன் மெத்தையில் கிடத்திப் பார்த்துக்கொள்கிறான். பேச்சு மிகக் குறைவு. கடைசியில், பாதியில் கைவிடப்பட்ட கட்டடத்துக்குள் தேங்கி நிற்கும் கரிய நீரில் ஒரு மெத்தை மூன்று பேரைச் சுமந்துகொண்டு மிதந்து வருகிறது. விடுதலை என்றோ விட்டுக்கொடுத்தல் என்றோ யாரும் வாயைத் திறப்பதில்லை. நீர் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடாததால்தான் அந்த மெத்தை எதன் மேலும் இல்லாமல் நிற்பதுபோல் இருக்கிறது. கறுப்பு சாம்பல் நிறமாகிவிட்டால் அங்கே இருப்பது குட்டையில் மிதக்கும் மெத்தை, அவ்வளவுதான். அதே படத்தில் நகரத்தைப் புகைமூட்டம் சூழும் பகுதி ஒன்றும் உண்டு. நம் மண்டபங்களில் எந்தப் படத்தைப் போட்டாலும் தலைப்பிலிருந்தே புகைமூட்டம்தான்.

இதற்குக் காரணம் புரொஜெக்டரின் சக்தி போதாமை என்று நினைத்து, 5,000 லூமன் (கருவி வீசும் ஒளியின் அளவு) கருவியை வாடகைக்கு எடுக்கிறார்கள். 4 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரமுள்ள சாதாரண வெள்ளைத் திரைக்கு, திரையரங்கு அளவு வெளிச்சம் கிடைக்க 1,400 லூமன் போதும். அந்த அளவில் முழு வெள்ளைக் காட்சியின்போது திரையில் விழுவது ஏறத்தாழ 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்). கறுப்புக் காட்சியில், சுமாரான புரொஜெக்டரில்கூட, விழுவது 0.15 லக்ஸ்தான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இப்போது ஜன்னல் இடுக்கு, மேடை ஓர விளக்கு, கைப்பேசிகள் எல்லாம் சேர்ந்து வெறும் 1.5 லக்ஸ் திரையில் விழட்டும். ஆயிரம் மடங்கு நூறுக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு மண்டபம் இருட்டாகத்தான் தெரியும். திரையில் மட்டும் கறுப்பு செத்துப்போயிருக்கும். இன்னும் பலமான புரொஜெக்டரைக் கொண்டுவந்தால், அதன் வெளிச்சமே வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் திரையில் விழும்.

தவறு கருவியிலா அறையிலா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் போடுங்கள். பிறகு லென்ஸை மூடியால் மறையுங்கள். மூடியதும் திரை நன்றாக இருண்டால் கறுப்பைக் கெடுப்பது புரொஜெக்டர். மூடியும் திரையில் மாற்றம் தெரியாவிட்டால் கெடுப்பது அறை. பெரும்பாலும் அறையாகத்தான் இருக்கும். திரையை ஒட்டி இரு பக்கச் சுவரிலும் முதல் இரண்டு மீட்டருக்கும், முடிந்தால் அதே அளவு கூரையிலும், மினுமினுப்பில்லாத கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். அலங்காரத்துக்கு வாங்கும் சாட்டின் துணி வேண்டாம், அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும். வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை ‘கெலுவார்’ விளக்கை மூடக் கூடாது, பொம்பா (தீயணைப்புத் துறை) விதி. திரையைத்தான் அதன் வெளிச்சம் விழாத பக்கம் நகர்த்த வேண்டும். இன்னொன்று: பினாங்கில் சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து ஏறத்தாழ 7 மணியிலிருந்து 7.40 வரை, அதற்குப் பிறகும் இருபது நிமிடத்துக்கு வானத்தில் வெளிச்சம் இருக்கும். கண்ணாடிச் சட்ட ஜன்னல் வைத்த மண்டபத்தில் 7.15க்குப் படம் போடுவது வீண் வேலை. 8.15க்கு முன்னால் தொடங்காதீர்கள்.

அறை சரியானபின் கருவிக்கு வரலாம். ‘டைனமிக்’, ‘விவிட்’ என்ற அமைப்புகளை விட்டு ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். ஒளியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸை அணையுங்கள்; இல்லாவிட்டால் இருண்ட ஷாட் நீளும்போது கருவி தானாகவே வெளிச்சத்தைத் தணித்து, யாரோ தீக்குச்சி கொளுத்தினால் திடீரென்று ஏற்றும். நடிகர் அசையாமல் நிற்க, பின்னால் சுவர் மட்டும் மூச்சு விடுவதுபோல் தெரியும். மடிக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ஓட்டும்போது கறுப்பைக் குறிக்கும் எண் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அனுப்பும் பக்கம் கறுப்பை 16 என்று அனுப்பி, பெறும் பக்கம் 0தான் கறுப்பு என்று வைத்திருந்தால் படம் முழுவதும் வெளுக்கும். தலைகீழாக இருந்தால் நிழலில் உள்ள முகம் அப்படியே காணாமல் போகும்.

கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் தட்டித் தட்டி நகர்வதாகச் சிலர் குறைப்பட்டிருக்கிறார்கள். அது பெரும்பாலும் எடுத்தவர் செய்த தவறாக இருக்காது. படம் வினாடிக்கு 24 பிரேம். மடிக்கணினி அனுப்புவது வினாடிக்கு 60 முறை. 24 என்பது 60க்குள் சரியாக அடங்காது. அதனால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறிக் காட்டப்படுகிறது. சண்டைக் காட்சியில் இது யாருக்கும் தெரியாது. வயல்வெளியை ஒன்றரை நிமிடம் சுற்றிப் பார்க்கும் கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். கணினியின் வெளியீட்டை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும். பெரும்பாலான வீட்டுச் சினிமா புரொஜெக்டர்கள் ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் 48. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், நாடகத் தொடர் மாதிரி ஆகிவிடும்.

கோப்பின் தரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் படம் 1 ஜி.பி. கோப்பாகக் கைக்கு வந்தால் அது வினாடிக்கு சுமார் 1.5 மெகாபிட்தான். திரையரங்குக்கு அனுப்பும் டி.சி.பி.யில் 250 வரை போகலாம். குறைந்த கோப்பில் முதலில் உடைவது இருட்டும் மூடுபனியும்; வானம் படிப்படியாகக் கோடு விழுந்து, நிழல் கட்டம் கட்டமாக நெளியும். இயக்குநரிடமோ விநியோகஸ்தரிடமோ கேட்டால் நல்ல கோப்பு தருவார்கள். எப்படியும் திரையிடும் உரிமைக்காக அவர்களிடம் பேசத்தான் வேண்டும். வீட்டுச் சந்தாவில் வரும் படத்தை மண்டபத்தில் போட அனுமதி கிடையாது. தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவை. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் ஒப்புதல் இல்லாமல் திரையிட்ட விவகாரத்தில், மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த ஒருவருக்கு 2017இல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதிக்கப்பட்டது.

ஒலியில்தான் அதிகமாகக் கோட்டை விடுகிறோம். இலை அசைவு, மூச்சு, தூரத்துப் படகு என்று இந்த மாதிரிப் படத்தில் வரும் ஒலிகள் 30, 35 டெசிபலில் நிற்கும். கூரைக் காத்தாடிகளும் பழைய ஏர்கோனும் ஓடும் மண்டபத்தில் காலியாக இருக்கும்போதே 50க்கு மேல். படத்தில் நான்கு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிய வாசகர் பொய் சொல்லவில்லை. அந்த நான்கு நிமிடத்தையும் காத்தாடி விழுங்கியிருக்கும். அப்போது ஒலிப்பெட்டிக்காரர் என்ன செய்வார்? ‘சத்தம் வரலையே’ என்று பட்டனை ஏற்றுவார். அடுத்த ஷாட்டில் லாரி ஒன்று வந்து முன் வரிசையின் காதைப் பிய்க்கும். அதற்குப் பிறகு கூட்டம் படத்தை நம்பாது. எந்த நேரத்தில் அடி விழுமோ என்று உட்கார்ந்திருக்கும்.

கதவுகளைச் சாத்தி ஏர்கோனை இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஓடவிட்டு அறையைக் குளிரவைத்துவிடுங்கள். படம் தொடங்கும்போது காத்தாடிகளை நிறுத்தி, ஏர்கோனை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கலாம். பின்பக்க மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சாதாரணமாகப் பேசும் காட்சி ஒன்றை ஓட்டி, எதிரில் இருப்பவர் பேசுவதுபோல் கேட்கும் அளவுக்கு வைத்துவிட்டு, அதற்குப் பிறகு படம் முடியும்வரை யாரும் தொடக் கூடாது. பட்டனுக்கு மேல் டேப் ஒட்டுங்கள். மிக்சரில் ஒலியைத் தானாகச் சமன்படுத்தும் வசதியும் மைக் சானல்களும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமைதி வரும் இடமெல்லாம் இரைச்சல் ஏறும். ‘உம்ம்’ என்ற தொடர் முனகல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் அது எர்த் தகராறு. கணினியையும் மிக்சரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் பெரும்பாலும் தீரும், தீராவிட்டால் இடையில் முனகலைத் தடுக்கும் டி.ஐ. பெட்டி ஒன்றை வையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஸ்பீக்கர்கள் பலவற்றில் சிறிது நேரம் ஒலி வராவிட்டால் தானாகத் தூங்கிவிடும் பழக்கம் உண்டு. அமைதி முடிந்து வரும் முதல் சொல் காணாமல் போகும். துத்தநாகக் கூரை மண்டபத்தில், மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த வகைப் படத்தைப் போட நினைப்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

தமிழ் வசன வரிகள் போட்டதற்காக ஏற்பாட்டாளர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் திரையில் கேள்விக்குறிகள் வரும். ஓட்டும் மென்பொருளின் எழுத்துரு சரியில்லை என்றால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுவதே பாதுகாப்பு. தூய வெள்ளை எழுத்தும் கூடாது. இருண்ட ஷாட்டில் அது விளக்குப்போல் எரிந்து கண்மணியைச் சுருக்கிவிடும். வரி மறைந்தபின் சில வினாடி படமே தெரியாது. வெளிர் சாம்பல் போதும், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, பேச்சு. குத்துவிளக்கு, வரவேற்புரை, தாமதமாக வரும் டத்தோவுக்காக (பட்டம் பெற்ற பிரமுகருக்காக) காத்திருத்தல், மாலை மரியாதை, நினைவுப் பரிசு, சிறப்புரை, அப்புறம் படத்தின் ‘கருத்து’ என்ன என்று பத்து நிமிட விளக்கம். பிளாஸ்டிக் நாற்காலியில் மனிதர் ஒரே இடத்தில் உட்காரக்கூடிய நேரம் படம் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. கருத்தை முன்கூட்டிச் சொல்வது இன்னும் மோசம். ‘இது பற்றை விடுவது பற்றிய படம்’ என்று மேடையில் சொல்லிவிட்டால், எல்லாரும் அது எப்போது வரும் என்று வேட்டையாடுவார்கள். கையில் கயிற்றைப் பிடித்து நிற்பவரை மூன்று நிமிடம் காட்டினால், விடும் கணத்தை எதிர்பார்த்துப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கத் தவறுவார்கள். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் ஷாட்டே எடுக்கப்பட்டிருக்கும். பேச்சு, பரிசு, தேநீர் எல்லாவற்றையும் படத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். டத்தோவும் படம் பார்க்கட்டும். இடைவேளை விடாதீர்கள், படம் எத்தனை நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால் கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் முன்னதாகவே போய் வருவார்கள். தாமதமாக வருபவர்களுக்குப் பின்பக்கக் கதவு மட்டும், அதுவும் உள்ளே கறுப்புத் திரைச்சீலை தொங்கவிட்டு. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது கொசுறு.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. ‘நிகழ்ச்சிகள்’ பகுதியில் இத்தகைய திரையிடல் அறிவிப்பை வெளியிடும்போது, நிகழ்வு தொடங்கும் நேரத்தோடு படம் தொடங்கும் நேரம், ஓடும் நிமிடம், வசன வரி எந்த மொழி, இடைவேளை உண்டா இல்லையா ஆகிய நான்கையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். கேட்டால்தான் அவர்களும் யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
திரையிடல் பணியில் உள்ள வாசகர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.