மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி: டைல்ஸுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகர மத்தியை அழகுபடுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் நீரூற்று, வரவேற்பு வளைவு, வண்ண விளக்கு, டைல்ஸ் என்றுதான் பட்டியல் தொடங்குகிறது. இவையெல்லாம் கடைசியில் வரவேண்டியவை. மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் மக்கள் ஆறுதலாக நின்று, இருந்து, கதைத்துவிட்டுப் போகவேண்டுமானால் வாகனம் எங்கே திரும்பும், மழைத்தண்ணீர் எங்கே போகும், நிழல் எங்கே விழும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

சுற்றுவட்டத்தின் நடுவில் எத்தனை பூச்செடி வைத்தாலும் அது பார்வைக்கு மட்டுமே. சுற்றிவர வாகனம் ஓடும்போது பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் அங்கே போகப்போவதில்லை. நடுத்திடலை ஒரு பக்கத்து நடைபாதையோடு சேர்த்துவிடுவதே சரியான வழி. லண்டன் ட்ரஃபல்கர் சதுக்கத்தில் 2003இல் இதைத்தான் செய்தார்கள். தேசிய ஓவியக்கூடத்துக்கு முன்னால் ஓடிய வீதியை மூடி, படி கட்டி, சதுக்கத்தோடு இணைத்தார்கள். அதுவரை வாகனங்களுக்கு நடுவில் தனித்துக் கிடந்த இடம் ஒரு பக்கம் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

இங்கே எந்தப் பக்கத்தை மூடலாம் என்பதை மேசையில் இருந்து முடிவெடுக்கக் கூடாது. காலை 7 முதல் 9 வரை, பிற்பகல் 1 முதல் 3 வரை, மாலை 4 முதல் 6 வரை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும். எந்த வீதியால் வந்து எந்த வீதிக்குத் திரும்புகிறது என்பதை பஸ், லொறி, கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று பிரித்து எழுத வேண்டும். நடந்து போவோரையும் எண்ண வேண்டும். வழமையாக விடுபட்டுப்போவது அவர்கள்தான். பாதசாரிக் கடவைக் கோடு ஓரிடத்தில் இருக்க, சனம் வேறிடத்தில் கடந்தால் கோடுதான் பிழையான இடத்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் மூடினால் மற்றப் பக்கம் இருவழி வீதியாகும். ஒவ்வொரு திசை வாகன வரிசைக்கும் 3.2 மீற்றர் அகலம் போதும். அதற்கு மேல் அகலம் கொடுத்தால் கிடைப்பது வேகம் மட்டும். 12 மீற்றர் நீள பஸ் திரும்ப வெளிப்புற ஆரை சுமார் 12.5 மீற்றர் வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் வீதியில் சுண்ணாம்புத் தூளால் புதிய விளிம்பைக் கீறி, இந்த வழியில் ஓடும் மிக நீளமான பஸ்ஸைக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள். பின்சில்லு எங்கே கோட்டை மிதிக்கிறதோ அங்கே விளிம்புக்கல் வைத்தால் மூன்று மாதத்தில் உடையும். ஒரு காலை வேலை, பல லட்சம் ரூபாவை மிச்சப்படுத்தும்.

கடவைகளில் நடைபாதையை இரு புறமும் வெளியே நீட்டி, கடக்கும் தூரத்தைக் குறைக்க வேண்டும். வயோதிபர் ஒருவர் வினாடிக்கு 0.8 மீற்றர் அளவில் நடப்பார். 12 மீற்றர் வீதியைக் கடக்க அவருக்கு 15 வினாடி வேண்டும். அதை 6.5 மீற்றராகச் சுருக்கினால் 8 வினாடி. கடவையையே 75 முதல் 100 மி.மீ. உயரத்துக்கு மேடையாக எழுப்பினால் சாரதிக்குப் பலகை போட்டுச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஓடும் வீதியில் ஏற்றச் சரிவு 1:15 அல்லது அதைவிட மெல்லியதாக இருக்கட்டும். இதில் எல்லாரும் விடும் பிழை ஒன்று: மேடை ஓரத்து வடிகானை அடைத்துவிடும். மேடைக்கும் விளிம்புக்கல்லுக்கும் இடையில் கம்பிமூடியோடு கான் விடாவிட்டால் முதல் மாரியிலேயே அதன் பின்னால் குளம் நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்தத் திட்டம் வெல்லும் அல்லது தோற்கும். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 1000 சதுர மீற்றர் திடலில் 50,000 லீற்றர் சேரும். 20 மீற்றர் அகலத் தளத்துக்கு 1.5 சதவீதச் சரிவு கொடுத்தாலே 30 செ.மீ. உயர வித்தியாசம் வரும். கோபுரத்தின் அடிமட்டத்தையும் கடைகளின் வாசற்படியையும் மாற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு கடை வாசலின் மட்டத்தையும் வடிகானின் அடிமட்டத்தையும் அளந்த பிறகே தளம் வரைய வேண்டும். பழைய தாரின் மேலேயே கல் பதித்து, தளம் வாசலைவிட உயர்ந்து, வெள்ளம் கடைக்குள் போன பின்னர் கடைக்காரர் சீமெந்தால் அணை கட்டுவதை எத்தனையோ ஊர்களில் காணலாம். உறிஞ்சுகுழி வெட்டினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், குழி உறிஞ்சாது. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடும்வரை வாவி மட்டம் உயர்ந்தே நிற்கும் நாட்களில் வாவிக்குப் போகும் கான் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். கான் வாயில் ஒருவழி மூடி பொருத்த வேண்டும். மாரிக்கு முன் மண் அள்ள வேண்டும்.

தளத்துக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும். இன்டர்லொக் கல் நல்லது: நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ., வாகனம் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. கீழே இறுக்கிய கல் படுக்கை 150 மி.மீ.க்குக் குறையாமல், அதன் மேல் 30 மி.மீ. மணல். ஓரத்தில் கொங்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால் கற்கள் நகர்ந்து மணல் கழுவுண்டு போகும். நீர்வழங்கல், மின்சாரம், தொலைபேசி மூன்றுக்கும் வெற்றுக் குழாய்களை முதலே புதைத்துவிட்டால் பிறகு கிண்டத் தேவையில்லை.

வீதியையும் நடைபாதையையும் ஒரே மட்டமாக்கும் பாணி அழகாகத் தெரியும். பார்வையற்றோருக்கு அது ஆபத்து. அவர்களின் தடி விளிம்பைத் தேடுகிறது. இங்கிலாந்தில் 2018இல் இத்தகைய திட்டங்களை நிறுத்திவைக்குமாறு அரசே கேட்டுக்கொண்டது. கடவைகளைத் தவிர மற்ற இடமெல்லாம் 60 மி.மீ. விளிம்பாவது இருக்கட்டும்.

ஆட்டோக்காரரைத் துரத்தும் திட்டம் ஒரு மாதமும் நிற்காது. ஆட்டோ ஏறக்குறைய 1.3 மீற்றர் அகலம். தடுப்புக் கட்டைகளை 1.2 மீற்றர் இடைவெளியில் வைத்தால் ஆட்டோ நுழையாது, சக்கர நாற்காலி நுழையும். மோட்டார் சைக்கிளும் நுழையும். அதற்குப் பொலிஸ் கண்காணிப்புத்தான் வழி. பத்து ஆட்டோவுக்கு 30 மீற்றர் வரிசை போதும். அதைத் திடலுக்குப் பக்கத்திலேயே, நிழலில், இலக்கமிட்டுக் கொடுங்கள். கடைச் சாமான் லொறிகளுக்குக் காலை 8 மணிவரை நேரம் ஒதுக்கலாம். அம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் 4 மீற்றர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்கே மட்டும் கழற்றக்கூடிய கட்டைகள். மாலையில் கச்சான், சுண்டல் வண்டிகளுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் கொடுத்தால் இடம் கலகலப்பாகவும் இருக்கும், துப்புரவாகவும் இருக்கும்.

நிழல் இல்லாவிட்டால், கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பகலில் ஒருவரும் வரமாட்டார்கள். காத்தான்குடி வீதியின் பேரீச்சை மரங்கள் அந்த ஊருக்கு அழகுதான், ஆனால் ஒரு திடலுக்கு நிழல் தராது. பூவரசு, புங்கை, வேம்பு நடலாம். முதல் இரண்டும் உப்புக் காற்றையும் தாங்கும். கொங்கிரீட்டில் ஒரு சாண் ஓட்டை விட்டு நட்ட மரம் வளராது, வளர்ந்தால் கல்லைக் கிளப்பும். குழி குறைந்தது 1.5 மீற்றர் சதுரம். நீர்மட்டம் உயர்வதால் கன்றை 15 செ.மீ. மேடாக்கி வைக்க வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை 20 லீற்றர் தண்ணீர். அதற்குப் பொறுப்பாளி யார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் ஒரேயடியாகக் கட்டவும் வேண்டாம். நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் 2009இல் முதலில் போட்டவை பெயின்ரும் பீப்பாக்களும் மடக்குக் கதிரைகளும்தான். கல் பதித்தது பிறகு. இங்கேயும் மாரி முடிந்து மாசியில் மணல் நிரப்பிய பீப்பாக்களால் ஒரு பக்கத்தை அடைத்து, நிழல் துணி கட்டி, மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அதே எண்ணிக்கையை மறுபடி எடுத்து, முன்னையதும் பின்னையதுமாக மாநகர சபை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருந்தால் அவர்களின் எழுத்து அனுமதியை இந்தப் பரீட்சைக்கு முன்பே வாங்க வேண்டும். கல் வேலை ஆனியில் தொடங்கி புரட்டாதிக்குள் முடிய வேண்டும். மரக்கன்றுகள் ஐப்பசி மழையோடு நடப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோட்டமுனை, மட்டக்களப்பு.